எட்டு நாள் கணக்கும் ஒரு டப்பா பல்பமும்

அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் வீட்டில் சோறு தின்னாத பிள்ளை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையின் பின்னால் ஓடியவன்தான்.

மகளுக்கு அப்போது வயது மூன்றும் இரண்டு மாதமும். மார்ச் முதல் ஜூலை வரை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்ததைப் பார்த்து இதை எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி வந்திருக்கும். நான் மருத்துவன் இல்லை. ஒரு வீடு, ஒரு பிள்ளை, சில மாதங்கள்; இதன் அளவு அவ்வளவுதான்.

வீட்டில் நான்கு பேர். மனைவி பள்ளி ஆசிரியை, எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு மண்டி ஒன்பது மணிக்கு. பகலில் பிள்ளை என் அம்மாவிடம், அதாவது அவளுடைய ஆச்சியிடம் இருப்பாள். நடுவில் அங்கன்வாடி, அதுவும் அவளுக்கு மனம் இருந்தால்.

புகார்

"சாப்பிடுவதே இல்லை" என்பதுதான் எங்கள் புகார். அவள் சாப்பிடுகிற பொருள்கள் இல்லாமல் இல்லை. இட்லி (சர்க்கரை தொட்டு), தயிர்ச்சோறு, அப்பளம், பூரியின் உப்பிய மேல்தோல், வாழைப்பழம், பிஸ்கட், பால். பெரும்பாலும் வெள்ளை. மஞ்சளாகவோ பச்சையாகவோ ஏதாவது வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். பருப்பு, சாம்பார், முட்டையின் மஞ்சள் கரு, கீரை, அத்தனை காய்களும் அந்தப் பக்கம்.

கடுகு தனி வழக்கு. தயிர்ச்சோற்றில் ஒரே ஒரு கடுகு கண்ணில் பட்டாலும் "எறும்பு" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். தாளித்துக் கொட்டிய சோற்றிலிருந்து என் மனைவி ஸ்பூன் நுனியால் கடுகு பொறுக்குகிற வேகத்துக்கு முன்னால், மண்டியில் அரிசிக்குக் கல் பொறுக்குகிற பெண்கள் தோற்றுப்போவார்கள். அப்படியும் ஒன்று தப்பிவிடும். தப்பிய அந்த ஒன்று சரியாக அவள் வாய்க்குத்தான் போகும்.

நோட்டில் முதல் பதிவு மார்ச் 6, இரவு. 7.40-க்குத் தட்டு வந்தது. முதல் மூன்று வாய் கைப்பேசியில் வீடியோ ஓட ஓட, என்ன தின்கிறோம் என்று தெரியாமலே உள்ளே போயிற்று. நான்காவது வாய் கன்னத்தில் தங்கிவிட்டது. அதை விழுங்கப் பதினொரு நிமிடம். பிறகு இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். இராத்திரியில் காக்காய் ஏது? தெருநாய்க்கு ஒரு வாய், எதிர்வீட்டுப் பூனைக்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய். 9 மணிக்குத் தட்டைக் கழுவினோம். மொத்தம் ஒன்பது வாய். எல்லாரும் களைத்து உட்கார்ந்தபோது, "பிள்ளை வெறும் வயிற்றோடு படுக்கக்கூடாது" என்று ஆச்சி ஒரு டம்ளர் பால் ஆற்றிக்கொண்டு வந்தார். அதை அவள் மூச்சுவிடாமல் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இதற்கு முன் செய்து பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சாண்டியைக் கூப்பிட்டோம். கீரை தின்றால் மிட்டாய் என்றோம். மிட்டாயின் மதிப்பு ஏறியது, கீரையின் மதிப்பு இறங்கியது. லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு பால் பானத்தைக் கொடுத்து, குடித்தால் பரிசு என்று வைத்துப் பார்த்திருக்கிறார். பரிசு வாங்கிக் குடித்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மேல் விருப்பம் குறைந்துதான் போயிற்று. நான் இதைப் படித்தது ஒரு கிலோ மிட்டாய் தீர்ந்த பிறகு. பிறகு ஓர் உறவினர் சொன்னாரென்று, சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் பசிக்கான சிரப் வாங்கினோம். பிள்ளை மதியம் முழுவதும் தூங்கி வழிந்தாள். அந்தப் பாட்டிலில் இருந்த சைப்ரோஹெப்டடின் அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரவழைக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்தத் தவறு கடைக்காரருடையது மட்டும் அல்ல, கேட்டு வாங்கிய என்னுடையதும்தான்.

எட்டு நாள் கணக்கு

மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை குறைகிறது என்று யாராவது சொன்னால், முதலில் சண்டை போடக்கூடாது. எட்டு நாள் வரவையும் பற்றையும் எழுத வேண்டும். அதையே வீட்டில் செய்தேன். மார்ச் 7 முதல் 14 வரை பிள்ளையின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதினோம். சோறு மட்டும் இல்லை, எல்லாம். ஆச்சி வாயால் சொல்வார், மாலையில் நான் எழுதுவேன்.

தட்டுச் சாப்பாட்டைத் தவிர்த்துப் பார்த்தால் சராசரி இப்படி வந்தது. பால் நான்கு டம்ளர்: எழுந்ததும் 250 மில்லி, முன்பகலில் 200, மாலையில் 200, படுக்கும்போது 250. ஆகமொத்தம் 900 மில்லி. நீலப் பாக்கெட் பால், தண்ணீர் கலக்காதது. பேத்திக்குத் தண்ணீர்ப்பால் கொடுப்பது ஆச்சிக்குக் கௌரவக் குறைவு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பிஸ்கட் ஏழு. வாழைப்பழம் ஒன்று.

இதைக் கலோரியாக மாற்றினேன். 3 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மில்லிக்கு 58 கலோரி அளவில் தரும். 900 மில்லிக்கு 520. சர்க்கரை எட்டு ஸ்பூன், 40 கிராம், 160. பிஸ்கட் 140, பழம் 80. கூட்டினால் 900. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1000 முதல் 1100.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். சாப்பிடவே சாப்பிடாத பிள்ளை, தட்டில் கை வைப்பதற்கு முன்பே நாள் கணக்கை முக்கால்வாசிக்கு மேல் முடித்திருக்கிறாள். மீதிப் பசிக்கு இரண்டு மூன்று இட்லி போதும். அவள் தின்றதும் சரியாக அவ்வளவுதான். எங்களைவிட அவள் வயிறு ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தது.

"அப்படியானால் நாம் எதற்காக அழுதுகொண்டிருந்தோம்?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

இரும்புச்சத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும். 900 மில்லி பாலில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. அதோடு பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கும். வயிறு நிறைந்திருந்தது, பெட்டி காலி.

பல்பம்

சிலேட்டில் கிறுக்கட்டும் என்று ஆச்சி தை மாதம் ஒரு டப்பா பல்பம் வாங்கிக் கொடுத்திருந்தார். எழுதிய பல்பம் குட்டையாகும், தொலையும், சோபாவுக்கு அடியில் கிடைக்கும். இந்த டப்பாவில் பல்பம் குறைந்துகொண்டே போயிற்று. குட்டைத் துண்டு ஒன்றுகூட எங்கும் அகப்படவில்லை. இருப்புக் குறைகிறது, கழிவு இல்லை என்றால் கணக்கெழுதுகிறவனுக்கு உறுத்தும். ஒரு மாலையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு சாம்பல் வெள்ளையாக இருந்தது. கடைவாயில் நறநறவென்று அரைபடும் சத்தம்.

"நீயும் சின்ன வயதில் தின்றவன்தான்" என்றார் அம்மா, பெருமையோ என்னமோ தெரியாத குரலில். பச்சரிசி டப்பாவிலும் பிள்ளை கைவிடுகிறாள் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போனோம். நாங்கள் "சாப்பிடுவதில்லை" என்று ஆரம்பித்தபோது அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். பல்பம் என்றதும் பேனாவை எடுத்தார். மண், சுண்ணாம்பு, பல்பம், பச்சரிசி என்று உணவல்லாததையும் சமைக்காததையும் பிள்ளை தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம் என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.4. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தனியாக எங்கள் வீட்டுக் கதையும் இல்லை இது: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை.

பிறகு கேள்விகள் வந்தன. விழுங்கும்போது புரை ஏறுகிறதா, வாந்தி எடுக்கிறாளா? மென்று தின்ன வேண்டியதை மட்டும் மறுக்கிறாளா? முன்பு தின்றதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறாளா? பேச்சு எப்படி? இவற்றில் ஏதாவது இருந்தால் வழி வேறு என்றார். சில பிள்ளைகளுக்கு இது அடம் அல்ல, சிகிச்சை வேண்டிய உணவுக் கோளாறு. இவளுக்கு அவை எதுவும் இல்லை. மலச்சிக்கல் மட்டும் இருந்தது, எட்டு நாளில் மூன்று முறைதான் மலம் கழித்திருந்தாள். அளவுக்கு மேல் பால், நாரில்லாத உணவு. வயிறு கட்டிக்கொண்டால் பசி எங்கிருந்து வரும்?

எடை 12.1 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இவள் பிறந்ததிலிருந்து வந்த எடைகளைப் புள்ளி வைத்தார்: 2.8, ஒரு வயதில் 8.6, இரண்டில் 10.4. நடுக்கோட்டுக்குக் கீழேதான், ஆனால் இயல்பான எல்லைக்குள், தன் பாதையை விட்டு அதிகம் விலகாமல். முதல் ஆண்டில் பிள்ளை பிறந்த எடையைப்போல் மூன்று மடங்காகிறது. அதன்பின் ஆண்டுக்கு 2 கிலோ கூடினாலே பெரிது. வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகும். போதாததற்குப் புதிய உணவைக் கண்டு மிரள்கிற குணம் இரண்டு வயது தொடங்கி ஐந்தாறு வரை உச்சத்தில் இருக்கும். எங்களுக்கு நினைவில் இருந்தது பத்து மாதத்தில் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட பிள்ளை. அந்தப் பிள்ளையைத் தேடித்தான் இரண்டு வருடமாகத் தட்டோடு அலைந்திருக்கிறோம்.

மாற்றியவை

இரும்புச்சத்து சிரப்பை எடைக்கேற்ற அளவில் எழுதிக்கொடுத்தார். பாலோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, மலம் கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம் என்றார். நாங்கள் எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தோம், வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். பல்பம் டப்பா பரணுக்குப் போயிற்று. பிப்ரவரியில் அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்திருந்ததால் அது மறுபடி தேவைப்படவில்லை.

பால் 400 மில்லிக்கு இறங்கியது, இரண்டு தவணையாக, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தோம். பிஸ்கட் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது: பழம், சுண்டல், கடலைமிட்டாய் ஒரு துண்டு. இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர்.

இவற்றைவிடக் கடினமானது ஊட்டுவதை நிறுத்தியது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பிரிவினை இது. மருத்துவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார், கடைப்பிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. தரையில் பாய் விரித்து நால்வரும் உட்கார வேண்டும். கைப்பேசி அடுத்த அறையில். அவள் தட்டில் அவள் தின்கிற ஒன்று கட்டாயம் இருக்கும், ஓரத்தில் தின்னாத ஒன்று சுண்டைக்காய் அளவு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. 25 நிமிடத்தில் தட்டு எடுக்கப்படும். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை.

பேசக்கூடாது என்பதுதான் என்னைக் கொன்றது. கீரைத் துணுக்கை அவள் விரலால் தொட்டால்கூட என் முகத்தில் ஏதோ தெரிந்துவிடும். அவள் உடனே கையை எடுத்துவிடுவாள். 2006-இல் வந்த ஓர் ஆய்வில் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்து, ஒன்றை மட்டும் "குடித்து முடி" என்று வற்புறுத்தினார்கள். வற்புறுத்தாத சூப்பைக் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்தியதைப் பற்றிக் குறை சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வாய்ச்சொல்கூட வேண்டியிருக்கவில்லை, அப்பனின் புருவமே போதுமானதாக இருந்தது.

பிள்ளையை இஷ்டத்துக்கு விட்டால் அது பிஸ்கட்டைத்தானே கேட்கும்? இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920-களிலும் 30-களிலும் அமெரிக்காவில் பால்குடி மறக்கும் குழந்தைகளுக்கு 34 வகை உணவை மாற்றி மாற்றிப் பரப்பிவைத்து, செவிலியர் ஊட்ட முந்தக்கூடாது, பிள்ளை கை காட்டியதை மட்டும் கொடு என்று வளர்த்துப் பார்த்தார். பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு வளையும் நோய்) இருந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானே குடித்துக் குணமானது. கேட்டால் அதிசயம்போல் இருக்கும். ஆனால் அந்த 34-இல் சர்க்கரை போட்ட பண்டம் ஒன்றுகூட இல்லை. எதைத் தேர்ந்தாலும் கெடுதல் இல்லாத பட்டியலைத் தயாரித்தவர் டேவிஸ். எங்கள் வீட்டுப் பட்டியலில் பிஸ்கட் டின் நடுக்கூடத்தில் இருந்தது.

ஆச்சி

முதல் இரண்டு நாள் அவள் ஏறக்குறைய எதையும் தின்னவில்லை. பால் கேட்டு அழுதாள். ஆச்சி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "நான்கு பிள்ளை வளர்த்தவள் நான். பட்டினி போட்டு வளர்க்கச் சொல்லி எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?" என்றார். வார முடிவில் எடை 200 கிராம் குறைந்திருந்தது. அன்றிரவு எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் பிஸ்கட் டின்னை எடுத்துப் பார்த்தேன். விருந்தாளிக்கென்று பூட்டிவைத்த அலமாரியில் இருந்தது. விருந்தாளி யாரும் வரவில்லை, ஆறு குறைந்தது. சாவி யாரிடம் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. மனைவிதான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, உங்கள் மகனுக்கு யார் ஊட்டினார்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "இவனுக்கு எங்கே ஊட்டினேன்? நான்கும் வட்டமாக உட்காரும். பெரிய சட்டியில் பிசைந்து கையில் உருட்டி வைப்பேன். நீட்டாத கைக்கு உருண்டை கிடையாது. அடுத்தவன் எடுத்துக்கொள்வான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நிலாச்சோறு என்று நாம் உருகுகிறோமே, அதில் நிலாவைவிட அந்த அடுத்தவன் கைக்குத்தான் வேலை அதிகம் என்பது என் எண்ணம்.

அன்றிலிருந்து இரவுச் சோறு ஆச்சியின் பொறுப்பு. சட்டியில் பிசைந்து எங்கள் எல்லாருடைய கையிலும் உருண்டை வைத்தார். எனக்கு முப்பத்தாறு வயது, கையை நீட்டினேன். பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தாள், நீட்டவில்லை. மறுநாளும் நீட்டவில்லை. மூன்றாம் நாள் மாலை, ஏப்ரல் 2, அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஆச்சி, பசிக்கிறது" என்றாள்.

நோட்டில் அந்தச் சொல் முதன்முறையாக அன்றுதான் ஏறியிருக்கிறது. அதுவரை அவளுக்குப் பசிக்க நாங்கள் இடைவெளியே விட்டதில்லை.

ஜூலை வரை

வேகமாகச் சொல்லிவிடலாம். பீட்ரூட் பொரியல் பதினொன்றாவது தடவை வாய்க்குள் போயிற்று, பதிமூன்றாவது தடவை விழுங்கப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைகளிடம், முன்பு சொன்ன பர்ச்சும் அவரோடு ஆய்வு செய்த மார்லினும் 1982-இல் கண்டதும் இதுதான்: எத்தனை முறை ருசி பார்க்கிறார்களோ அந்த அளவுக்கு விருப்பம் கூடும். நாங்களோ முன்பெல்லாம் மூன்றாவது தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதி, அவள் காதுபடவே ஊருக்குச் சொன்னவர்கள். சொதியில் கிடந்த முருங்கைக்காயைச் சவைத்துத் துப்பினாள், அடுத்த வாரம் அதையே கேட்டாள். கேழ்வரகுப் புட்டு பிடித்துப்போயிற்று. முருங்கைக்கீரை இருபத்திரண்டு முறை தட்டின் ஓரத்தில் இருந்துவிட்டு அப்படியே திரும்பியது. அதில் எங்களுக்குத் தோல்விதான்.

என் கணக்கில் ஒரு பெரிய பிழையும் வெளிவந்தது. ஜூனில் அங்கன்வாடிக்குப் போனபோது, "முட்டை போடுகிற நாளில் இவள் முழு முட்டையும் தின்றுவிடுவாள்" என்றார் பணியாளர். மஞ்சள் கரு? அதுவும்தான். பக்கத்தில் உட்காரும் பையன் முதலில் அதைத்தான் தின்பானாம். வீட்டில் மஞ்சள் கருவைப் பார்த்தாலே ஓங்கரிப்பவள்! மார்ச் மாதத்து எட்டு நாளில் அவள் அங்கே போன நாள்களில் என்ன தின்றாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வரவில் ஏறாத சரக்கு.

மூன்று மாத முடிவில் ஹீமோகுளோபின் 11.3, எடை 12.8. உடலில் இரும்புச் சேமிப்பு நிரம்ப வேண்டும் என்று சிரப்பை மேலும் சில வாரம் தொடரச் சொன்னார் மருத்துவர். பல்பம் தேடுவது நான்காவது வாரத்திலேயே நின்றுவிட்டது. எதனால் எது நடந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சிரப், பால் குறைப்பு, ஊட்டாமை, உருண்டை எல்லாம் ஒரே மாதத்தில் வந்தன. இரும்பு ஏறினாலே பசி எடுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் ஆய்வு சுத்தமாக இருந்திருக்கும், பிள்ளைதான் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

காய்ச்சல் வந்த ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆயிற்று. பால், பிஸ்கட், இடுப்பு, தெருநாய். மீண்டுவர பத்து நாள் ஆனது.

கடுகு இன்னும் எறும்புதான். ஆனால் பொறுக்குவது அவள் வேலையாகிவிட்டது. தயிர்ச்சோற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டவைக்கிறாள். எண்ணவும் செய்கிறாள், பத்துக்கு மேல் கணக்குத் தடுமாறுகிறது. நோட்டில் கடைசிப் பதிவு ஜூலை 19, இரவு: தயிர்ச்சோறு ஒன்றரை உருண்டை, பீட்ரூட் கொஞ்சம், கடுகு 23 தள்ளுபடி.